பிலிம் இல்லாமல் பிடித்த படம்

நான் போட்டோ பிடிக்கக் கற்றுக்கொண்டது பிலிம் போடாத கேமராவில். இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன். நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலந்துகொண்டிருந்த ஒருவர் இந்தக் கதைக்குள் இருக்கிறார் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை. தன் முகம் ஒரு காகிதத்தில் இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். அவர் மனைவி மாசமாக இருந்தாள். பிறக்கிற பிள்ளைக்குக் காட்ட அப்பன் படம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அதற்காக என் கேமரா முன்னால் வந்து நின்றார்.

அந்தக் கம்பெனியில் எனக்குக் கண்காணி வேலை. மல்லாங்கிணறு பக்கம் எங்கள் வீட்டுக்குக் காடு இருந்தது, மழைதான் இல்லை. தொடர்ந்து மூன்று வருஷம் பருத்தி கருகிய பிறகு, படித்த பிள்ளை என்று என்னைச் சிவகாசிக்கு அனுப்பிவைத்தார்கள். எங்கள் காட்டில் களை வெட்டியவர்களின் பிள்ளைகளும் அதே கம்பெனிக்கு வந்துசேர்ந்தார்கள், எனக்குக் கீழே. அதனால் என்னைவிடப் பத்து வயது மூத்தவரையும் ‘ஏலே’ என்று கூப்பிட எனக்கு நாக்குக் கூசியதில்லை. இப்போது எழுதும்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்று அவன் இவன்தான்.

கேமரா ஆசை வந்தது முதலாளியின் மருமகனால். இரண்டு கண் வைத்த வெளிநாட்டுக் கேமரா ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர் வேலை நடக்கிற கொட்டகைகளில் செட் செட்டாக நடப்பார். ஒருநாள் அதைத் தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். கையைக் கழுவிவிட்டு வா என்றார். கழுவிவிட்டு வந்தேன். அதற்குள் காரில் ஏறிப் போய்விட்டார். எனக்கும் ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

சீனச் சண்டை முடிந்த சமயம் அது. புதுக் கேமரா என்பது நினைத்துப் பார்க்கிற காரியமே இல்லை. மதுரையில் பழைய கடிகாரமும் ரேடியோவும் விற்கிற ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று கேமராக்கள் இருந்தன. முதலாவது மருமகன் வைத்திருந்த ஜாதி. விலையைக் கேட்டதும் கையை எடுத்துக்கொண்டேன். இரண்டாவது மடக்கு கேமரா, தோல் துருத்தி வைத்தது. வெளிச்சம் குறைந்த இடத்திலும் பிடிக்கலாம், வேகத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். மனசு அதில்தான் போனது. ஒரு சின்ன ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்து முன்பே படித்திருந்தேன். அதில் சொல்லியிருந்தபடி பின்கதவைத் திறந்து, துருத்தியை விரித்து, வெயிலுக்கு நேராகத் தூக்கி உள்ளே பார்த்தேன். மடிப்பு ஓரங்களில் ஊசி குத்திய மாதிரி நாலைந்து வெளிச்சப் புள்ளிகள் தெரிந்தன. பிளாஸ்திரி ஒட்டினால் சரியாகிவிடும் என்றார் கடைக்காரர். நான் மூன்றாவதை வாங்கினேன். அது வெறும் தகரப் பெட்டி. மேலே ஒரு சின்னக் கண்ணாடி, பக்கத்தில் ஒரு விசை, வெயிலுக்கு ஒன்றும் மேகத்துக்கு ஒன்றுமாக இரண்டே நிலைகள். கெட்டுப்போக அதில் எதுவும் கிடையாது. அந்தப் புத்திசாலித்தனத்தைப் பஸ்ஸில் ஊர்வரைக்கும் மெச்சிக்கொண்டே வந்தேன்.

கேமரா வாங்கப் போகிறவன் முதலில் பிலிமின் விலையைக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. ஆனை வாங்கியாகிவிட்டது, அங்குசம் வாங்க வழியில்லை. பிலிமோ அந்தக் காலத்தில் குதிரைக் கொம்பு. விருதுநகரில் ஸ்டூடியோ வைத்திருந்தவரிடம் கெஞ்சி ஒரு ரோல் வாங்கினேன். என் பெட்டிக்கு ஒரு ரோலில் எட்டுப் படம்தான். அந்த எட்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தீர்த்துவிட்டு அவரிடமே கழுவக் கொடுத்தேன். அடுத்த வாரம் கடையில் நாலு பேர் இருக்கும்போது படங்களை மேஜைமேல் பரப்பினார். இரண்டில் தலை இல்லை. ஒன்றில் என் பெருவிரல் மட்டும் இருந்தது. சூரியனைப் பார்த்துப் பிடித்தது வெளுத்துப்போயிருந்தது. கை ஆடியதால் மற்றதில் எல்லாம் ஒவ்வொரு ஆளும் இரண்டு ஆளாகத் தெரிந்தார். “இதுக்குப் பேசாம ரெண்டு எரும வாங்கி மேச்சிருக்கலாம்ல நீங்க” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மூஞ்சியில் ஈயாடவில்லை.

பிலிமைப் பாழாக்காமல் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அப்போதுதான் வெறும் பெட்டியை வைத்துப் பழக ஆரம்பித்தேன். முதலில் குடம், வேப்பமரம், சைக்கிள் என்று குறிபார்த்தேன். பெட்டியை வயிற்றோடு அணைத்து, மூச்சை அடக்கி, விசையை மெல்ல அழுத்துவது ஒரு வாரத்தில் வந்துவிட்டது. ஆனால் முகத்தில் வெயில் எப்படி விழுகிறது என்பதைக் குடத்தை வைத்துப் படிக்க முடியாது, அதற்கு முகமே வேண்டும். பிலிம் இல்லை என்று சொன்னால் எவனும் நிற்க மாட்டான், நின்றாலும் நெளிவான். உண்மையான படம் என்று நம்பினால்தான் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டு அசையாமல் நிற்பான்.

ஆட்களுக்கா பஞ்சம்? சாப்பாட்டு நேரத்தில் வேலமரத்தடிக்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனால் போதும். லேபிள் ஒட்டுகிற பெண்கள் முகம் கழுவிக்கொண்டு ஓடிவருவார்கள். என் பெட்டிக்குப் பத்தடிக்குள் நிற்கிற முகம் மங்கிவிடும் என்பதால், பார்சல் கட்டுகிற சணலில் பத்தடி வெட்டி ஒரு முனையைப் பெட்டியில் கட்டியிருந்தேன். மறு முனையை மோவாயில் பிடிக்கச் சொல்வேன். சாமி காரியம் செய்வதுபோல அவர்களும் பயபக்தியோடு பிடிப்பார்கள். பிறகு சணலை இழுத்துக்கொண்டு, சிரிக்காதே, தலையைத் தூக்கு, கண்ணை மூடாதே என்று ஆளுக்கு ஒரு அதட்டல் போட்டு விசையைத் தட்டுவேன். டக் என்று ஒரு சத்தம் வரும். அவர்களுக்கு அதுவே போதும்.

நான் நன்றாகக் கற்றுக்கொண்டேன், அதை மறைக்கவில்லை. உச்சிவெயிலில் பிடித்தால் கண் இருக்கிற இடம் குழியாகிவிடும், நாலு மணிக்கு மேல் சாய்வெயிலில்தான் முகம் முகமாக இருக்கும், சுண்ணாம்பு அடித்த சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் நிழல் விழுந்த கன்னத்துக்கும் வெளிச்சம் கிடைக்கும். எல்லாம் அந்த முகங்கள் கொடுத்த பாடம். முப்பது நாற்பது பேராவது நின்றிருப்பார்கள். படம் எங்கே என்று கேட்டால் மதுரையில் கழுவக் கொடுத்திருக்கிறது என்பேன், படம் கழுவுகிற மருந்து வரவில்லை என்பேன். இரண்டு தடவை கேட்பார்கள், மூன்றாவது தடவை விட்டுவிடுவார்கள். கேட்டது கிடைக்காமல் போவது அவர்களுக்குப் புதிதில்லை என்று எனக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் செய்தேன். ஆபீஸ் பையன்களிடம் இதற்கு ‘வெத்து வேட்டு’ என்று பெயர் வைத்திருந்தேன். இன்றைக்கு எத்தனை வெத்து வேட்டு என்று அவர்கள் கேட்பார்கள். சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.

முதலில் சொன்னேனே, அவர் வந்தது ஆடி கடைசியில். கலவைச் செட்டில் வேலை என்பதால் அலுமினியப் பவுடர் படிந்து சாயங்காலம் அவர் முகம் ஈயம் பூசிய பாத்திரமாக இருக்கும். அன்று கிணற்றில் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, கல்யாணச் சட்டையை வீட்டிலிருந்து கொண்டுவந்து போட்டிருந்தார். ஒரு துண்டில் நாலு கோழிமுட்டைகளைக் கட்டி எடுத்துவந்து, “அய்யா வீட்டுக்கு” என்று நீட்டினார். வாங்கி வைத்துக்கொண்டேன். என்னலே என்று கேட்டேன்.

“எங்கப்பன் மொகம் எனக்குத் தெரியாதுய்யா. நான் கைக்குழந்தையா இருக்கையில போயிட்டாரு. அம்மாசைக்கு வெறும் செவத்தத்தான் கும்புடுறேன். எம் பிள்ளைக்கு ஒரு படம் இருக்கட்டும்னு.”

அந்தச் சாயங்காலம் அருமையான வெயில். சுண்ணாம்புச் சுவர் ஓரமாக அவரை நிறுத்திச் சணலைக் கையில் கொடுத்தேன். எத்தனை தேய்த்துக் குளித்தும் காது மடலிலும் கழுத்து மடிப்பிலும் பவுடர் போகவில்லை, மினுங்கிக்கொண்டு இருந்தது. இப்படி ஒரு வெளிச்சம் லேசில் கிடைக்காது என்று நான் ஆசை தீரப் பழகினேன். திரும்பு என்றேன், திரும்பினார். சுவரை விட்டுத் தள்ளி வா என்றேன், வந்தார். நாலு தடவை விசையைத் தட்டினேன். தனக்கு நாலு படம் என்று அவர் கைகூப்பினார். என் சட்டைப் பையில் அப்போது பிரிக்காத ஒரு ரோல் பிலிம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டில் காதுகுத்து, அதற்காக வைத்திருந்தேன். எட்டில் ஒன்றை இவருக்குக் கொடுக்கலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

மற்றவர்களைப் போல அவர் விடவில்லை. சனிக்கிழமை தோறும் சம்பளம் வாங்கிவிட்டு, ஆபீஸ் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பார். நான் நிமிர்ந்து பார்க்கிறவரைக்கும் வாயைத் திறக்க மாட்டார். நாலில் ஒன்று நன்றாக வந்திருந்தாலும் போதும் என்று ஒரு வாரம் சொன்னார். சின்னதாக இருந்தாலும் போதும் என்று அடுத்த வாரம் சொன்னார். படம் என்ன ஓடியா போகும் என்று அதட்டி அனுப்பினேன். வீட்டில் அவருடைய அம்மா ஒரே சண்டையாம். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று திட்டுகிறாளாம். அதையும் என்னிடம் சொல்லிச் சிரித்தார். அப்படியானால் உனக்கு நாலு மடங்கு குறைஞ்சிருக்கும்லே என்று சொன்னேன். அவர் அதற்கும் சிரித்தார்.

புரட்டாசியில் தீபாவளி ஆர்டர் கழுத்தை நெரித்தது. லோடு ஏற்ற லாரிகள் வாசலில் நின்றுகொண்டே இருந்தன. ஒரு காலையில், பத்து மணி இருக்கும், கலவைச் செட் போனது. நான் பார்சல் பக்கம் இருந்தேன். சத்தம் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது செட் இருந்த இடத்தில் சுவர்கூட இல்லை. உள்ளே அவர் ஒருவர்தான். அரைஞாண் கயிற்றில் கிடந்த தாயத்தை வைத்து ஆளை முடிவு செய்தோம். முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பாயில் சுருட்டிக் கட்டி வீட்டுக்கு அனுப்பினோம். எக்காரணம் கொண்டும் பிரிக்கக்கூடாது என்று ஆள் வைத்துச் சொல்லிவிட்டோம். அப்படிச் சொல்லச் சொன்னவன் நான்தான்.

ஐந்தாம் நாள் கம்பெனி சார்பில் துக்கம் கேட்க என்னைத்தான் அனுப்பினார்கள். அவருடைய ஊர் ஆனைக்குட்டம் போகிற பாதையில் இருந்தது. தெருக்காரர்கள் எழுந்து நின்று ஒரு நாற்காலியைத் தேடிக் கொண்டுவந்து போட்டார்கள். நான் உட்கார்ந்ததும் அவருடைய அம்மா உள்ளே இருந்து வெளியே வந்தாள். அழவில்லை. என் முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள்.

“படம் பிடிக்காதல, ஆயுசு போயிரும்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேக்கல. ஒண்ணுக்கு நாலா பிடிச்சீகளாமே. எம் பிள்ள உசிர அந்தப் பெட்டிக்குள்ள உறிஞ்சிட்டுப் போயிட்டீகளே, நீங்க நல்லா இருப்பீகளா?”

பெட்டியில் பிலிமே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பழி அதோடு போயிருக்கும். அந்த ஒரு வார்த்தையைத்தான் என்னால் சொல்ல முடியவில்லை. செய்யாத கொலைக்குத் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன், செய்தது வெளியே தெரியக்கூடாது என்பதற்காக. பெற்ற வயிறு பேசுகிறது, அய்யா எம்புட்டுப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார் பாருங்கள் என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அப்புறம் அவர் மனைவி வாசல்படியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். வயிறு நன்றாகத் தெரிந்தது. அத்தை சொன்னதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று முதலில் என்னைச் சமாதானம் செய்தாள். “கட்டித்தான் குடுத்தாக. கடைசியா மொகத்தக்கூடப் பாக்கல. பதினாறாம் நாளைக்கு அந்தப் படத்த மட்டும் குடுத்துருங்கய்யா. வேற ஒண்ணும் வேணாம்” என்றாள்.

படம் சரியாக வரவில்லை என்றேன். வெளிச்சம் பட்டுவிட்டது, பிலிம் முழுக்கக் கருத்துவிட்டது, முகம் தெரியாது என்றேன். மற்றவர்களைப் போல இவளும் விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

அவள் விடவில்லை. “கருத்ததே இருக்கட்டும். அவுக முன்னால நிக்கிறப்ப இருந்த பிலிமுதான அது? அதக் குடுங்க” என்றாள்.

கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். உண்மையைச் சொல்லியிருக்கலாம். அது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

காதுகுத்துக்குப் போன ரோலுக்குப் பிறகு, தீபாவளிக்கு முதலாளி வீட்டுப் பிள்ளைகளைப் பிடிக்க இன்னொரு ரோல் அலைந்து வாங்கி வைத்திருந்தேன். மறுநாள் மத்தியானம் கம்பெனிக்குப் பின்னால் போய் அதைப் பிரித்தேன். காகிதத்தை உருவிப் பிலிமை வெயிலில் முழு நீளத்துக்கும் இழுத்துப் பிடித்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. உயிரோடு வந்து நின்ற ஆளுக்கு ஒரு படம் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை, பொய்யைக் காப்பாற்ற எட்டையும் ஒரே மூச்சில் கொடுத்துவிட்டேன். விருதுநகர் ஸ்டூடியோக்காரர் அதைக் கழுவிக் காயவைத்து, தலையில் அடித்துக்கொண்டார். ஒரு ரோல் கிடைக்காமல் ஊரே தவிக்கிறது, இப்படியா ஒரு மனுஷன் பாழாக்குவான் என்று திட்டினார். தெரியாமல் திறந்துவிட்டேன் என்றேன். பரவாயில்லை, இந்தத் தடவை பெருவிரல் விழவில்லை என்றார்.

ஒரு துண்டை வெட்டிக் கவரில் போட்டுப் பதினாறாம் நாள் கொண்டுபோனேன். அவள் அதை இரண்டு கையாலும் வாங்கி, முந்தானையில் துடைத்து, வாசல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கறுப்புத்தான். திருப்பிப் பிடித்துப் பார்த்தாள். அதுவும் கறுப்புத்தான். கண்ணாடிச் சட்டம் ஒன்றை முன்பே வாங்கி வைத்திருந்தார்கள். வெள்ளைத்தாளை வைத்து அதன்மேல் பிலிமை வைத்து மூடிச் சுவரில் சாய்த்தார்கள். சுற்றி அரளிப்பூ மாலை போட்டார்கள்.

அவருடைய அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து அதன் முன்னால் உட்கார்ந்தாள். விரலில் சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் கையை அங்கும் இங்கும் கொண்டுபோனாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். பதினோரு நாளைக்கு முன்னால் என்னைச் சபித்த கோபம் அந்த முகத்தில் இல்லை.

“நெத்தி எங்கன வருதுய்யா? பொட்டு வைக்கணும்.”

கூடியிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து, கறுப்பில் மேலாக ஓர் இடத்தில் விரலை வைத்தேன். இங்கன என்றேன். அவள் சரியாக அதே இடத்தில் சந்தனத்தை வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தாள்.

மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். பொட்டுக்குக் கீழே இருந்த கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சிரிச்ச மாதிரி இருக்காகளாய்யா?” என்று கேட்டாள்.

படம் பிடித்த அன்று சாயங்காலம் அவரை அத்தனை நேரம் பார்த்தவன் நான் ஒருவன்தான். எனக்கு நினைவில்லை. கன்னத்தில் விழுந்த வெயிலைப் பார்த்தேன், கழுத்து மடிப்பில் மினுங்கிய பவுடரைப் பார்த்தேன். முகத்தை நான் பார்க்கவே இல்லை.

“ஆமா, சிரிச்சாப்லதான் இருக்கான்” என்றேன்.